பெயர் நீக்காத பதிவேடு



கொஞ்சம் நீளமான பதிவு. மற்றவர்கள் நேரம் இருக்கும்போது படியுங்கள். கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை பார்க்கிற என் பழைய மாணவர்கள் மட்டும் கட்டாயம் கடைசி வரி வரை படிக்க வேண்டும். இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வாழப்பாடி பேருந்து நிலையத்தில் ஒரு பிள்ளை ஓடிவந்து வணக்கம் சொன்னாள். நான் ஓய்வு பெற்ற வருடம் அவள் ஏழாம் வகுப்பு. ஊர் அருநூற்றுமலை அடிவாரம். அப்பா சேகோ பேக்டரியில் கூலி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். "டிகிரி முடிச்சிட்டியா கண்ணு?" என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது.

ஒரே ஒரு பாடம் அரியர். அதற்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாள் எப்போது என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. அறிவிப்பு துறையின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வந்திருக்கிறது. ரீசார்ஜ் செய்ய முடியாமல் இவளுடைய பழைய நம்பர் போய்விட்டது. புது நம்பரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். குழுவின் அட்மின் ஒரு கௌரவ விரிவுரையாளர். அவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. சரி என்று துறையின் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதியிருக்கிறாள். பதில் இல்லை.

நான் விசாரித்தேன். அந்த முகவரிக்கு வருகிற கடிதம் மூன்று பேருக்குப் போகும்படி வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்றவர், ஒருவர் மாறுதலில் போனவர், மூன்றாமவர் இதே கௌரவ விரிவுரையாளர். கடிதம் மூன்று பேருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்று பேரும் அங்கே இல்லை.

ஆறு மாதம் போயிற்று. இந்த வருடம் பி.எட். சேர வேண்டும் என்று இருந்தவள். "தப்பு என் மேலதானுங்க சார், நம்பரை மாத்திட்டேன்" என்றாள். அந்த வார்த்தைதான் இரண்டு நாள் என்னைத் தூங்க விடவில்லை.

இல்லை கண்ணு, தப்பு உன்மேல் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எந்தக் கல்லூரி என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். பெயர் சொன்னால் அந்தப் பிள்ளைக்குத்தான் சங்கடம். அதோடு, இந்தக் குறை ஒரு கல்லூரியோடு நிற்கிற குறையும் இல்லை.

என்னோடு பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு தலைமையாசிரியர் மாறுதலில் போனால் சும்மா கைகுலுக்கிவிட்டுப் போக முடியாது. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் என்று ஒன்று எழுத வேண்டும். பீரோ சாவி எத்தனை, ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் எத்தனை, சேர்க்கைப் பதிவேடு எத்தனை தொகுதி என்று எண்ணி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கினால் அன்றைக்கே வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் சிவப்பு மையில் அடிபடும். புதிதாக வந்த பிள்ளையின் பெயர் கீழே ஏறும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே இதைச் செய்தோம்.

தபாலுக்கும் அப்படித்தான். 1997-ல் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்னால் நம் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. எதற்கும் சென்னைக்குக் கடிதம் எழுத வேண்டும். உறையின் மேல் யாருடைய பெயரையும் எழுத மாட்டோம். "பதிவாளர் அவர்கள்", "தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்" என்றுதான் எழுதுவோம். நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் கடிதம் அந்த நாற்காலிக்குப் போய்ச் சேரும். ஆள் மாறலாம், முகவரி மாறாது.

இந்த எளிய அறிவை மின்னஞ்சலுக்கு வந்தவுடன் எங்கே தொலைத்தோம்? மத்திய அரசு 2015-ல் வெளியிட்ட மின்னஞ்சல் கொள்கையில் பதவிக்கு ஒரு முகவரி, ஆளின் பெயருக்கு ஒரு முகவரி என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். அதிகாரி மாறினால் பதவி முகவரியை அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய பீரோ சாவி விஷயம்தான் இது. புதிதாக ஒன்றும் இல்லை.

"சார், யாருங்க இப்ப மெயில் பாக்கறாங்க? எல்லாம் வாட்ஸ்அப்தான்" என்று என் மருமகனே சொல்கிறார். அவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் ஒரு பெண் பிள்ளையின் கைபேசி எண் அதில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். இருநூறு பேர் குழுவில் இருநூறு பேரும் அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளலாம். இரவு பதினோரு மணிக்கு 'ஹாய்' வருவது எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குப் பழைய அறிவிப்புகள் எல்லாம் கிடைப்பதும் இல்லை. பதிவு யாரோ ஒருவரின் சொந்தக் கைபேசியில் இருக்கிறது. அவர் போனால் நிர்வாகமும் அவரோடு போகிறது.

நிறுவனம் முறையாக நடத்துகிற மின்னஞ்சல் பட்டியலில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே முகவரிக்கு எழுதினால் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போகும். உறுப்பினர் பெயர்கள் மற்றவர்களுக்குத் தெரியாதபடி வைக்கலாம். யார் எழுதலாம், யார் படிக்க மட்டும் செய்யலாம் என்று பிரிக்கலாம். பழைய கடிதங்கள் வரிசையாகச் சேமிப்பில் இருக்கும். 1986-ல் பாரிஸில் எரிக் தாமஸ் என்ற மாணவர் லிஸ்ட்சர்வ் என்ற மென்பொருளை எழுதினார். உலகப் பல்கலைக்கழகங்களில் இந்த வேலை அப்போதிருந்து நடக்கிறது.

நம் தமிழுக்கும் இதில் பெருமை உண்டு. 1995-ல் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மின்னஞ்சல் பட்டியலில் உலகெங்கும் உள்ள தமிழர்கள் கூடிப் பேசினார்கள். அந்தப் பழக்கத்தில் விளைந்ததுதான் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காதவர்கள் சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தக் காலத்து டயல்-அப் இணைப்பில் அவர்களால் அவ்வளவு முடிந்திருக்கிறது. இன்றைக்கு ஒரு கல்லூரியால் முன்னூறு பிள்ளைகளுக்கு ஒரு தேதியைச் சொல்ல முடியவில்லையா?

பட்டியல் இருந்தால் மட்டும் போதாது, அதை ஆள வேண்டும். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் ஒருவர் அனுப்பிய சோதனைக் கடிதம் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் போய்விட்டது. பலர் 'எல்லோருக்கும் பதில்' என்ற பொத்தானை அழுத்தி "என்னை நீக்குங்கள்" என்று எழுத, அதுவும் எல்லோருக்கும் போக, அஞ்சல் அமைப்பே திணறிப்போனது. யார் எழுதலாம் என்ற ஒரு கட்டுப்பாட்டைச் சரியாக வைக்காததன் பலன்.

இனி நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. கல்வி சார்ந்த ஒரு குழுவில் என் பெயர் இன்னும் இருக்கிறது. உதவித்தொகைப் பட்டியல் அதில் வருகிறது. பிள்ளைகளின் பெயர், சாதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், எல்லாம் வருகிறது. பாக்குத் தோப்பில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எதற்கு அந்தப் பிள்ளைகளின் கணக்கு எண்? நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன், நடக்கவில்லை. இந்தப் பதிவை எழுத உட்காரும் முன் நானே வெளியேறிவிட்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய பிள்ளைக்குக் கதவு திறக்கவில்லை. பார்க்கக் கூடாத கிழவனுக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. இரண்டும் ஒரே நோய்தான். பதிவேட்டில் பெயர் சேர்ப்பதும் இல்லை, நீக்குவதும் இல்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டமும் வந்தது. "எங்களிடம் ஆள் இல்லை, பணம் இல்லை" என்ற பழைய பாட்டு இனிமேல் செல்லாது. மெயில்மேன் போன்ற பட்டியல் மென்பொருள் இலவசம். கூகுள் கல்வி நிறுவனங்களுக்குத் தருகிற அடிப்படைச் சேவையும் கட்டணம் இல்லாதது, குழு அமைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

இலவசத்தை முழுக்க நம்பிவிடவும் கூடாது. யாஹூ குழுமங்கள் மூடப்பட்டபோது எத்தனையோ தமிழ்க் குழுமங்களின் பழைய பேச்சும் சேர்ந்து போயிற்று. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் கொடுத்துவந்த சேமிப்பிடத்துக்குக் கூகுள் 2021-ல் உச்சவரம்பு அறிவித்தது. முக்கியமானதற்குச் சொந்தமாக ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளில் இருக்கும் என் பிள்ளைகளே, வீட்டுப்பாடம் இதுதான்.

1. துறை முகவரி எதுவும் ஒருவரின் சொந்தக் கணக்கிலோ சொந்தக் கைபேசியிலோ இருக்கக் கூடாது. பதவிக்குத்தான் முகவரி.

2. மதிப்பெண் கோப்பு, உதவித்தொகைக் கோப்பு எதையும் ஆள் ஆளாகத் திறந்து விடாதீர்கள். 'தேர்வுப் பிரிவு', 'உதவித்தொகைப் பிரிவு' என்று குழு அமைத்து, அனுமதியைக் குழுவுக்குக் கொடுங்கள். ஒருவர் போனால் குழுவில் ஒரு பெயரை நீக்கினால் போதும், அத்தனை கதவும் அவருக்கு மூடிவிடும். புதியவரைச் சேர்த்தால் அத்தனையும் திறக்கும். 'இணைப்பு வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்' என்று மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள்.

3. ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். அதில் ஒருவராவது நிரந்தரப் பணியாளராக இருக்கட்டும். கௌரவ விரிவுரையாளர் தலையில் கட்டிவிட்டு, அவர் போன பிறகு அவரையே குறை சொல்வது நியாயமில்லை.

4. பருவத் தொடக்கத்தில் சேர்க்கைப் பதிவேட்டோடும் பணியாளர் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிவப்பு மை பழக்கம் மறக்க வேண்டாம்.

5. பணி விடுவிப்புச் சான்றில் நூலகம், ஆய்வகம், அலுவலகம் என்று கையெழுத்து வாங்குகிறீர்களே, அதில் 'மின்னஞ்சல் குழுக்கள்' என்று ஒரு வரி சேருங்கள்.

6. கட்டணம், தேர்வு, உதவித்தொகை அறிவிப்பை எத்தனை குழுவில் போட்டாலும் சுவரிலும் ஒட்டுங்கள். போன் இல்லாத பிள்ளையும் உங்கள் பிள்ளைதான்.

ஒரு நாள் வேலை இது. முதல் நாள் கஷ்டமாக இருக்கும், பிறகு பருவத்துக்கு ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் செலவழிக்காததால் ஒரு பிள்ளை ஆறு மாதத்தை இழந்துவிட்டு, தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த தேர்வுக்கு அவளுக்குத் தேதி நினைவூட்டும் பொறுப்பை நான் எடுத்திருக்கிறேன். என் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் பேருந்து நிலையத்தில் பழைய வாத்தியாரைச் சந்திக்க மாட்டார்கள்.

"லைக்" வேண்டாம். நாளைக்குக் கல்லூரிக்குப் போனவுடன் உங்கள் துறை முகவரிக்கு வெளியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று இங்கே பின்னூட்டத்தில் வந்து எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
வாழப்பாடி.