இதயக் கால்சியம் ஸ்கோர்: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் பலவற்றில் இன்று 'கால்சியம் ஸ்கோர்' எனப்படும் சி.டி. ஸ்கேனும் இடம்பெறுகிறது. நடுத்தர வயதினரின் திடீர் மரணச் செய்தி வெளியாகும்போதெல்லாம், "நானும் இதனை எடுத்துக்கொள்ள வேண்டுமா?" என்னும் கேள்வி தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் எழுகிறது. செலவு செய்வதற்கு முன் பின்வருவனவற்றை அறிந்துகொள்ளுங்கள்.

எதனை அளக்கிறது?

இதயத் தமனிகளின் உட்சுவரில் படியும் கொழுப்பில் நாளடைவில் கால்சியம் சேர்கிறது. சி.டி. படத்தில் அது வெண்மையாகத் தெரியும். அதன் பரப்பையும் அடர்த்தியையும் கொண்டு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. அமெரிக்க இதய மருத்துவர் ஆர்தர் அகாட்ஸ்டன் குழுவினர் 1990-இல் வெளியிட்ட முறையே இன்றும் வழக்கில் உள்ளது. இதற்கு ஊசி மருந்து தேவையில்லை. கதிர்வீச்சின் அளவும் குறைவு.

மதிப்பெண்ணின் பொருள் என்ன?

• 0: கால்சியப் படிவு தென்படவில்லை, அடுத்த சில ஆண்டுகளில் மாரடைப்பு வாய்ப்பு குறைவு.
• 1 முதல் 99 வரை: படிவு தொடங்கிவிட்டது. இளம் வயதில் இதுவும் கவனத்திற்குரியது.
• 100-உம் அதற்கு மேலும்: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும்.
• 400-க்கு மேல்: படிவு மிகுதி, தீவிர சிகிச்சையும் தொடர் கண்காணிப்பும் தேவை.

யாருக்குப் பயன்படும்?

அறிகுறி ஏதுமின்றி, ஸ்டாட்டின் தொடங்கலாமா என்பதில் தெளிவு கிடைக்காத 40 முதல் 75 வயதுக்குட்பட்டோருக்கு இது உதவும். முன்பே மாரடைப்பு வந்தவர்களுக்கும், ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்கும், பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் இது தேவையில்லை. அவர்களுக்குச் சிகிச்சை ஏற்கெனவே உறுதியாகிவிட்டது.

'பூஜ்யம்' முழுப் பாதுகாப்பா?

இல்லை. கால்சியம் சேராத மென்மையான படிவு இந்த ஸ்கேனில் தெரியாது. அது வெடித்தாலும் இரத்தம் உறைந்து தமனி அடைபடலாம். ஆகவே நீரிழிவு உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் பூஜ்யத்தைக் கண்டு மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வரும் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்வதே இதயத்திற்கு முதற் பாதுகாப்பு.

பாலையும் கேழ்வரகையும் தவிர்க்க வேண்டுமா?

வேண்டாம். தமனியில் சேரும் கால்சியம், உணவில் கால்சியம் மிகுந்ததால் வருவதன்று. கால்சியம் மாத்திரை உட்கொள்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள்.

நெஞ்சு வலி வந்தால்?

ஸ்கேன் மையத்தைத் தேடாதீர்கள். ஏலத்தோட்டத்திற்கு மேடேறும்போது நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, மூச்சுத்திணறல், வியர்வை ஏற்பட்டால் 'வாயு' என்று எண்ணிக் காலம் கடத்த வேண்டாம். வேலையை உடனே நிறுத்தி, 108-ஐ அழையுங்கள். அந்நேரத்தில் தேவைப்படுவது இ.சி.ஜி. பரிசோதனையே. 2023-இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதலுதவி மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. அதன்பின் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற உயர் மருத்துவமனைக்கு விரைவாகச் செல்வது உயிரைக் காக்கும்.

ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கையை அரசு மருத்துவரிடம் காட்டுங்கள். வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அம்மதிப்பெண்ணுக்குப் பொருள் உண்டு.