டீசல் முள் வேலை செய்யவில்லையா? முதலில் சோதனை, பிறகே செலவு

கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலை போன்ற ஊர்களில், விளைபொருளை உப்பிலியபுரம், துறையூர் வரை கொண்டு சேர்க்கப் பல சிறு விவசாயிகளுக்குப் பழைய ஜீப்பும் டிராக்டருமே துணை. இவ்வண்டிகளில் எஞ்சினுக்கும் டயருக்கும் செலவு செய்கிறவர்கள்கூட, டீசல் அளவு காட்டும் மீட்டர் கெட்டால் பொருட்படுத்துவதில்லை. "குச்சி விட்டுப் பார்த்தால் போகிறது" என்பார்கள். இந்த எண்ணம் மாற வேண்டும்.

குச்சியோடு தூசியும் மண்ணும் டேங்கினுள் போகின்றன. அவை ஃபில்டரை அடைக்கும். ஜீப்பில் டீசல் ஊற்றும் குழாய் வளைந்திருப்பதால் குச்சி அடிவரை எட்டாமலும் போகலாம். டீசல் தீர்ந்து வண்டி நின்றால், மறுபடி ஊற்றியவுடன் கிளம்பிவிடாது. குழாய்களில் காற்றுப் பிடித்திருக்கும். ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். சரக்கோடு இறக்கத்தில் எஞ்சின் நின்றால் ஆபத்தும் உண்டு. வாக்குவம் பிரேக் உள்ள வண்டியில் இரண்டொரு முறை மிதித்த பின் பிரேக் கட்டையாகிவிடும்.

மறுபக்கம், முள் அசையவில்லை என்றதும் புது மீட்டர் வாங்கி மாட்டுவதும் தவறே. கோளாறு மீட்டரில் இல்லாவிட்டால் புது மீட்டரும் அதே பொய்யைத்தான் சொல்லும்.

இதன் அமைப்பு எளிது. டேங்கினுள் ஒரு மிதவை உண்டு. டீசல் ஏறி இறங்க மிதவையும் ஏறி இறங்கும். அதன் கை, மின்தடைக் கம்பிச் சுருளின் மேல் நகர்ந்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். அதற்கேற்ப முள் நகரும். ஆகவே கோளாறு இருக்கக்கூடிய இடங்கள் நான்கே: மீட்டர், ஒயர், எர்த், டேங்க் மிதவை.

முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். அடுத்து, சாவியைப் போட்டு, டேங்கிலிருந்து வரும் ஒயரை மீட்டரின் பின்புறம் கழற்றி, அந்த முனையை வேறொரு ஒயரால் வண்டியின் இரும்பில் தொட வேண்டும். முள் நகர்ந்தால் மீட்டர் நன்றாக உள்ளது. எந்தப் பக்கம் நகரும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். நகரத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். வெகுநேரம் தொட்டால் மீட்டர் கெடும். முள் நகராமல், வெப்ப மீட்டரும் வேலை செய்யாவிட்டால், இரண்டுக்கும் பொதுவாக மின்சாரம் வரும் இடத்தில்தான் பழுது.

மீட்டர் நன்றாக இருந்தால், ஒயரை மீண்டும் மாட்டி, டேங்க் முனையில் கழற்றி அதே சோதனையைச் செய்யலாம். அங்கே முள் நகராவிட்டால் இடையில் ஒயர் அறுந்துள்ளது. நகர்ந்தால், ஒயரை டேங்கில் மாட்டிவிட்டு, மிதவைத் தகட்டிலிருந்து சேஸிஸுக்குத் தனி ஒயர் இழுத்துப் பார்க்க வேண்டும். முள் சரியாகக் காட்டினால் எர்த்தில்தான் குறை. துருவையும் பெயின்டையும் சுரண்டி இறுக்கினால் போதும்.

அதற்கும் சரியாகாவிட்டால்தான் மிதவையை வெளியே எடுக்க வேண்டும். காதருகே ஆட்டினால் உள்ளே டீசல் புகுந்திருப்பது தெரியும். அத்தகைய மிதவை மூழ்கிக் கிடந்து, எப்போதும் காலி என்றே காட்டும். முள் திடீர் திடீரெனத் துள்ளினால் கம்பிச் சுருள் தேய்ந்திருக்கும். மிதவையைக் கழற்றும் முன் பேட்டரி ஒயரை எடுத்துவிட வேண்டும். பீடி, விளக்கு அருகில் கூடாது. பெட்ரோல் வண்டியானால் டேங்க் அருகே இச்சோதனைகளைச் செய்யவே கூடாது. தீப்பொறி உயிருக்கே உலை வைக்கும். அதை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நலம்.

பழுது நீக்கிய பின், டேங்க் காலியாக உள்ளபோது ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டால், பழைய மீட்டரும் நம்பகமான கணக்குப்பிள்ளை ஆகும்.

"மின்சார வேலை மெக்கானிக்கின் வேலை, விவசாயிக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பழுதை விவசாயியே நீக்க வேண்டும் என்பதில்லை. பழுது எங்கே என்று தெரிந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர் தேவையற்ற சாமானுக்குப் பணம் கொடுக்க மாட்டார். டிராக்டர் பராமரிப்பு என்றால் ஆயில் மாற்றுவதோடு நின்றுவிடக் கூடாது. வேளாண்மைப் பொறியியல் துறையும், சிறுகமணி வேளாண்மை அறிவியல் நிலையமும் மலையடிவார ஊர்களில் ஒருநாள் முகாம் நடத்தி, வயரிங் சோதனையையும் கற்றுத்தர வேண்டும். ஒரு முழ ஒயரும் சிறிது பொறுமையும் போதும் இடத்தில், சிறு விவசாயி புது மீட்டருக்குப் பணம் கட்டுவது நியாயமல்ல.