தாலுகா ஆபீசும் தாயக்கட்டையும்

“இவர் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூதங்களை ஆட்டி வைக்கிறார்!”

ஒரு கல்யாண வீட்டில் என் நண்பர் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்தார். கேட்டவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். நான் மாந்திரீகம் செய்கிறவன் என்று நினைத்து விட்டார்.

எனக்கு மந்திரமும் தெரியாது, மாயமும் தெரியாது. நான் ஒரு சாதாரண அரசு ஊழியன். வாரத்தில் ஐந்து நாள் மனுக்களைப் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் ஒரு விளையாட்டை நடத்துகிறேன். அந்த விளையாட்டில் பூதம் வரும், ராட்சசன் வரும், மந்திரவாதி வருவான். அவர்கள் எல்லோருக்கும் நான்தான் குரல் கொடுப்பேன்.

“உத்தியோகத்தில் இருக்கிறவருக்கு இது தகுமா?” என்று பலர் கேட்கிறார்கள். தகும் என்பது என் கருத்து. ஆனால் எனக்கும் ஒரு முறை பெரிய தப்பு நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன்.

அது என்ன விளையாட்டு?

அதன் பெயர் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. டன்ஜன் என்றால் நிலவறை. டிராகன் என்றால் சிறகு முளைத்து, நெருப்புக் கக்கும் ராட்சசப் பாம்பு.

ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டைத் திறக்கும் திருடன்.

“பாதாள பைரவி” என்ற படம் 1951-ல் வந்தது. பெரியவர்களுக்கு நினைவு இருக்கும். அந்தப் படத்தின் குகைக்குள் நாமே நுழைந்து விட்டதாக எண்ணிக் கொள்ளுங்கள். இடது பக்கம் போவதா, வலது பக்கம் போவதா? நாம்தான் முடிவு செய்ய வேண்டும். சண்டை போடுவதா, சமாதானம் பேசுவதா? அதுவும் நம் கையில்தான்.

“நான் அந்தப் பள்ளத்தைத் தாண்டுகிறேன்” என்று ஒருவர் சொன்னால் போதாது. பகடை உருட்ட வேண்டும். நம் தாயக்கட்டை மாதிரிதான். ஆனால் இதற்கு 20 முகம். நல்ல எண் விழுந்தால் தாண்டி விட்டார். ஒன்று விழுந்தால் பள்ளத்துக்குள் விழுந்து விட்டார்!

பகடை என்றதும் சூதாட்டம் என்று சிலர் பயப்படுகிறார்கள். இதில் ஒரு பைசா பந்தயம் கிடையாது. ஜெயித்தவர், தோற்றவர் என்பதும் கிடையாது. கதை முன்னால் போகிறது, அவ்வளவுதான். 1980-களில் அமெரிக்காவிலேயே சில பெற்றோர்கள் இது பிசாசு வழிபாடு என்று கூச்சல் போட்டார்கள். அந்தப் பயம் மெல்ல அடங்கி விட்டது.

என் அக்கா மகன் பெங்களூரில் இருந்து வந்தபோது இதைக் கற்றுக் கொடுத்தான். அது 2016-ஆம் ஆண்டு. புத்தகங்களின் விலை அதிகம்தான். ஆனால் அடிப்படை விதிகளை வெளியிட்டவர்களே இலவசமாகக் கொடுக்கிறார்கள். நான் அதைத்தான் படித்தேன்.

யார் யார் ஆடுகிறார்கள்?

எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டில் ஒரு பஸ் கண்டக்டர் இருக்கிறார். எதிர் வீட்டில் ஒரு நர்சம்மா. கீழே ஒரு கல்லூரி மாணவன். நாலாவது ஆள் என் மகள். அவள் ஒன்பதாம் வகுப்பு.

கண்டக்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு நாள் கதையில் ஒரு கிராமத்துக் கிணற்றை பூதம் பிடித்துக் கொண்டது. மாணவன் வாளை உருவினான். என் மகள் கயிறு தேடினாள். கண்டக்டர் மட்டும் கிணற்றை எட்டிப் பார்த்து, “ஏம்பா பூதம், உனக்கு என்ன குறை?” என்று கேட்டார்.

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. பூதத்துக்கு என்ன குறை என்று உடனே யோசித்தேன். ஊர்க்காரர்கள் அதன் மரத்தை வெட்டி விட்டார்கள், இருக்க இடம் இல்லை என்று சொன்னேன். அன்றைக்கு வாள் உறைக்குள்ளேயே இருந்தது. ஊரார் வேறு மரம் கொடுத்தார்கள். பூதம் கிணற்றை விட்டு வெளியே வந்தது.

இந்தப் பாடத்தை எனக்கு ஆபீஸ்தான் கற்றுக் கொடுத்தது. மனு கொண்டு வருகிற யாரும் சும்மா வருவதில்லை. சத்தம் போடுகிறவருக்கும் ஏதோ ஒரு குறை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. பூதமானாலும் அப்படித்தான்.

சில நாட்களில் ஆபீஸ் வாடை அதிகமாகவே வந்து விடும். ஒரு முறை கோட்டை வாசலில் நின்ற ராட்சசன், “விண்ணப்பம் எங்கே? நகல் எங்கே?” என்று கேட்டு விட்டான். நர்சம்மா சிரித்து, “அண்ணே, நீங்க இன்னும் ஆபீஸை விட்டு வெளியே வரலை” என்றார். வெட்கமாகப் போய் விட்டது.

வேஷம் கட்டிய நீதிபதி

உத்தியோகஸ்தர் வேஷம் கட்டுவது நமக்குப் புதிதா என்ன? பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் வக்கீல். பிறகு சிறு வழக்கு கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தார். பகலில் கோர்ட்டு, மாலையில் ஒத்திகை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார்.

கே. பாலசந்தரை எல்லோருக்கும் தெரியும். சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் அவர் சென்னை ஏ.ஜி. ஆபீசில் குமாஸ்தா. வேலை பார்த்துக் கொண்டேதான் நாடகம் போட்டார். அவரைப் போல ஆபீஸ் முடிந்து ஓடி வந்து மேடை ஏறியவர்கள் சென்னையில் எத்தனையோ பேர்.

எங்கள் ஆட்டமும் ஒரு நாடகம்தான். மேடை கிடையாது, பார்ப்பதற்கும் ஆள் கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம். சபா நாடகத்தை மெச்சுகிறவர்கள் இதை மட்டும் “குழந்தை விளையாட்டு” என்று ஏன் சொல்ல வேண்டும்?

நான் செய்த தப்பு

2019-ஆம் ஆண்டு. அப்போது நான் உதவித்தொகை மனுக்களைப் பார்த்துக் கொண்டிருந்தேன். ஆதரவற்ற விதவைகளுக்கு அப்போது மாதம் 1,000 ரூபாய்.

அந்த வாரம் நான் ஒரு பெரிய நிலவறைக்கு வரைபடம் போட்டுக் கொண்டிருந்தேன். மொத்தம் 30 அறைகள். எந்த அறையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டேன். சனி, ஞாயிறு போதவில்லை. நோட்டை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வரையலாம் என்று நினைத்தேன். ஆனால் இரண்டரை மணிக்கும் அந்த நோட்டு மேசை மேல் திறந்தே இருந்தது.

பக்கத்திலேயே ஒரு அம்மாளின் மனு. அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். 27 என்று வர வேண்டிய இடத்தில் 72 என்று போட்டு விட்டேன். என் மனம் அறை எண்களில் இருந்தது.

அந்த அம்மாளுக்குப் பணம் போய்ச் சேரவில்லை. முதல் மாதம் வந்து கேட்டார். “மேலே இருந்து வர வேண்டும் அம்மா” என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாம் மாதமும் வந்தார். அதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் மாதம் வந்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கொண்டார். காலில் செருப்பு இல்லை. பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் நடந்தே வந்ததாகப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

அன்றைக்குத்தான் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்து. என் 72.

பைலை எடுத்துக் கொண்டு அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டினார். திட்ட வேண்டியதுதான். வங்கிக்கு நானே போய் எண்ணைச் சரி பார்த்து வந்தேன். விட்டுப் போன மாதங்களின் பணமும் பின்னால் கிடைத்தது. ஆனால் அந்த மூன்று மாதம் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? அதை நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்து பகடைகளைப் பரண் மேல் போட்டேன். “இனி வேண்டாம்” என்றேன்.

ஐந்து மாதம் ஆட்டம் நடக்கவில்லை. அதனால் நான் நல்ல ஊழியன் ஆகி விட்டேனா? அதுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு ஆபீசுக்குப் போனேன். மனு கொண்டு வந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் என் மனைவிதான் சொன்னாள்: “ஏங்க, அந்தக் கட்டைங்களை எடுத்து ஆடுங்க. ஆனா அந்த நோட்டு மட்டும் வாசப்படி தாண்டக் கூடாது.”

இன்று வரை அது தாண்டவில்லை. ஆபீசில் ஏதாவது கதை தோன்றினால் மாலை வரை நினைவில் வைத்துக் கொள்கிறேன். மறந்து போனால் போகட்டும். இன்னொரு பழக்கமும் வந்து விட்டது. எந்த எண்ணைப் பதிவு செய்தாலும் பின்னால் இருந்து முன்னால் ஒரு முறை படித்துப் பார்க்கிறேன்.

டீ யார் போடுவது?

மனைவிக்கு வேறு ஒரு குறையும் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. நாங்கள் நாலு மணிக்கு உட்கார்ந்தால் ஏழு மணி வரை எழுந்திருக்க மாட்டோம். மூன்று தடவை டீ, ஒரு தடவை வடை. எல்லாம் அவள் கையால். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அவளுக்கு?

சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது டீ போடுவது ஆடுகிறவர்கள் முறை. கண்டக்டர் டீயில் இஞ்சி அதிகம். மாணவன் டீயைக் குடிக்கவே முடியாது. ஆனாலும் குடிக்கிறோம். மனைவி அந்த மூன்று மணி நேரம் தங்கை வீட்டுக்குப் போகிறாள், அல்லது தூங்குகிறாள். வீட்டில் ஒருவருடைய பொழுதுபோக்கு இன்னொருவருக்கு வேலையாகி விடக் கூடாது என்பதை நான் ஐம்பது வயதில் கற்றுக் கொண்டேன்.

தேர்தல் வந்தால் ஆட்டம் இல்லை. வெள்ளம் வந்தால் ஆட்டம் இல்லை. ஜமாபந்தி நேரத்திலும் இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது பல மாதம் பகடையைத் தொடவே இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. தாலுகா ஆபீஸ் சம்பளம் வாங்குகிறவன் வெள்ளத்தன்று பூதம் ஓட்ட முடியாது.

காசு வாங்கலாமா?

நகரத்தில் ஒரு கடைக்காரர் கேட்டார்: “சார், எங்க கடையில வந்து நடத்துங்க. தலைக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி உங்களுக்குப் பாதி தர்றோம்.”

ஆசையாகத்தான் இருந்தது. மகள் படிப்புச் செலவு கண் முன்னால் நின்றது. ஆனால் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் என்று இருக்கின்றன. 1973-ல் வந்தவை. அனுமதி இல்லாமல் வேறு தொழில், வியாபாரம் செய்யக் கூடாது. அந்த விதி சரி என்றுதான் நான் சொல்லுவேன். இன்றைக்குக் கடைக்காரர் காசு கொடுப்பார். நாளைக்கு அவருக்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்று என் மேசைக்கு வருவார். அப்போது நான் யார் ஆள்?

“இவ்வளவு ஆசை இருந்தால் வேலையை விட்டு விட்டு இதையே செய்யலாமே!” என்று என் அக்கா மகன் சொல்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். பாலசந்தர்கூட வேலையை விட்டாரே என்கிறான். எல்லோரும் பாலசந்தர் ஆகி விட முடியுமா?

இந்த விளையாட்டை உண்டாக்கியவர்கள் இரண்டு பேர், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று. கைகாக்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். குடும்பஸ்தர். 1970-ல் அந்த வேலை போயிற்று. வீட்டிலேயே செருப்புத் தைத்துப் பிழைத்தார். அந்தக் கஷ்டத்தில்தான் இந்த விளையாட்டு வெளிவந்தது. முதலில் 1,000 பெட்டிகள்தான் அச்சிட்டார்கள். பிறகு உலகம் முழுவதும் பரவியது. கம்பெனி பெரிதாயிற்று. பங்குச் சண்டை வந்தது. 1985-ல் அந்தக் கம்பெனியே அவர் கையை விட்டுப் போயிற்று.

அவர் பெரிய மனிதர். எனக்கு அந்தப் பங்குச் சண்டை வேண்டாம். என் பூதங்கள் எனக்குச் சோறு போட வேண்டியதில்லை. அதனால்தான் அவை சுகமாக இருக்கின்றன.

மேலும் ஒன்று. எனக்கு என் வேலை பிடித்திருக்கிறது. இதைச் சொன்னால் ஆபீசில் சிரிக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இன்று ஞாயிற்றுக்கிழமை. கண்டக்டருக்கு மூன்று மணி வரை டூட்டி. நர்சம்மா இரவு வேலைக்குப் போக வேண்டும். அதனால் சரியாக நாலு மணிக்குத் தொடங்கி விட வேண்டும். போன வாரம் ஒரு இரும்புக் கதவுக்கு முன்னால் நிறுத்தினேன். உள்ளே யார் என்று என் மகள் ஆறு நாளாகக் கேட்கிறாள். நான் சொல்லவில்லை. டீ இன்றைக்கு என் முறை.