பிள்ளையின் பாடமும் தகப்பனின் கைப்பேசியும்

புக்கிட் செலம்பாவ், பீடோங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன்பே பிரட்டுக்குப் போகிறார். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியும் அவர் சட்டைப் பையில் கூடவே போகிறது. பள்ளியிலிருந்து பிள்ளைக்கு வரும் வீட்டுப்பாடமும் வாத்தியாரின் தகவலும் அதே கைப்பேசிக்குத்தான் வருகின்றன. இது சின்ன விஷயமென்று ஒதுக்கிவிட முடியாது.

2020 மார்ச் 18-ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு அமலுக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை மாணவர் கைப்பேசி கொண்டு வந்தால் பறிமுதல் செய்த பள்ளிக்கூடம், கைப்பேசிக்குள்ளேயே குடிபுகுந்தது! அவ்வாண்டு கல்வி அமைச்சு சுமார் 9 லட்சம் மாணவர்களைப் பற்றிப் பெற்றோரிடம் கணக்கெடுத்தது. 36.9 சதவிகிதத்தினரிடம் எந்தச் சாதனமும் இல்லை. 46 சதவிகிதத்தினரிடம் கைப்பேசி இருந்தது. மடிக்கணினி வைத்திருந்தோர் 9 சதவிகிதமே. இது நாடு முழுமைக்குமான கணக்கு. நம் லயங்களின் நிலை இதைவிட மேலாக இருந்திருக்கும் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. நகராட்சிப் பகுதிகளுக்கு வெளியே அன்று குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 வெள்ளி. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று கைப்பேசி எங்கிருந்து வாங்குவது?

அந்த ஏப்ரலில் நாளொன்றுக்கு 1 ஜிகாபைட் இணையம் இலவசமாகக் கிடைத்தது. நல்ல காரியந்தான். நேரமோ காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. தகப்பன் நிரையில் நிற்கும் வேளையில் கைப்பேசியும் மரத்தடியில் நிற்கிறது. அது வீடு திரும்பிப் பிள்ளை கைக்கு வரும்போது இலவச நேரத்தில் பாதி போய்விட்டது. ஏட்டில் எழுதிய சலுகை லயத்துக்கு வந்து சேரும் விதம் இதுதான். 2021-இல் 'செர்டிக்' திட்டத்தின்கீழ் 500 பள்ளிகளில் 150,000 மாணவர்களுக்குச் சாதனங்கள் வழங்க முன்வந்தார்கள். வரவேற்றோம். ஆனால் நாட்டில் மாணவர்களோ ஏறக்குறைய 50 லட்சம்.

பழைய கதை ஒன்றை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைக்கவேண்டுமென்றது. சட்டத்துக்குப் பயந்து ஒரு கொட்டகை போட்டு, கிராணியையோ கங்காணியையோ வாத்தியாராக உட்கார வைத்த தோட்டங்கள் பல. பேருக்குப் பள்ளி இருந்தது, படிப்பு இல்லை. பேருக்கு ஒரு சாதனத்தைக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வதும் அதே வழியில்தான் போய் முடியும். யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையும் சாதனம் ஆசிரியருக்கு ஈடாகாது என்ற பக்கமே பேசுகிறது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தொடங்கி, மாலை நேரத்தில் தொண்டர்கள் குடியிருப்புகளுக்கே போய்ப் பாடம் சொன்னார்கள். கொரோனாக் காலத்தில் விட்டுப்போன பாடத்தை மீட்க ஆள்தான் வேண்டியிருந்தது.

ஆகவே நாம் கேட்பது இது. தோட்ட முதலாளி தண்ணீரும் மின்சாரமும் தர வேண்டுமென்று 1990-ஆம் ஆண்டுக் குடியிருப்பு, வசதிகள் சட்டம் சொல்கிறது. அந்த வரிசையில் இணையமும் சேர வேண்டும். கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை வைப்பதற்கு என்ன தடை? அலுவலகத்துக்கு வரும் இணைப்பை மாலையில் சமூக மண்டபம் வரை நீட்டுவதற்கு ஒரு கம்பியும் ஒரு பெட்டியும் போதும். துரைமார் இதற்குப் பணமில்லை என்றால் சிரிப்புத்தான் வரும்.

கிராணிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னவர்கள் நீங்கள். இன்று பள்ளி கொடுக்கும் 'டெலிமா' கணக்கைத் திறக்கத் தெரியாமல் எத்தனையோ தாய்மார் தவிக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை அவர்களுக்காக ஒதுக்குங்கள்.

தகப்பன்மார்களே, கோபப்பட வேண்டாம். மாலையில் கைப்பேசி வீடு வந்தபின் அதில் முதலில் ஓடுவது பாடமா, படமா? இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயத்தில் எத்தனை வீட்டில் அலைவரிசை எட்டவில்லை, எத்தனை பிள்ளைகள் ஒரே கைப்பேசியைப் பங்கு போடுகிறார்கள் என்று எழுதி எடுத்து வாருங்கள். நிர்வாகத்தின் முன் வைக்க நமக்கு அந்தக் கணக்கு வேண்டும்.