மலிவு யாருக்கு? போர்ட் கிள்ளானில் இருந்து வேலை பார்ப்பதன் கணக்கு

விடியற்காலையில் போர்ட் கிள்ளான் கம்யூட்டர் நிலையத்துக்குப் போனால் நம் பிள்ளைகள் பலரைப் பார்க்கலாம். துறைமுகம் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் இவர்களுக்கு வேலை கே.எல். சென்ட்ரல் பக்கம். கிள்ளான், ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பெட்டாலிங் என்று நின்று நின்று போகும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இவர்களுக்கு முன்னால் இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. தினமும் போய் வரலாம், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் அறை எடுத்துத் தங்கலாம், அல்லது வீட்டில் இருந்தே கணினியில் வேலை பார்க்கலாம். மூன்றாவது வழிதான் மலிவு என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அது உண்மையா?

உலக நகரங்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிடும் பட்டியல்கள் கோலாலம்பூரை மலிவான நகரம் என்று புகழ்கின்றன. அந்தப் புகழ்ச்சி வெளிநாட்டுச் சம்பளத்தை வைத்துச் சொல்வது. வெளிநாட்டவர் இங்கே தங்கி இணைய வழி வேலை செய்ய, மலேசிய இலக்கவியல் பொருளாதாரக் கழகம் 2022-இல் டிஇ ரந்தாவ் அனுமதியைத் தொடங்கியது. தொழில்நுட்பத் துறையினர் இதற்கு விண்ணப்பிக்க ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலர் வருமானம் காட்ட வேண்டும். டாலருக்கு 4 ரிங்கிட் என்று வைத்தாலும் மாதம் 8,000 ரிங்கிட் ஆகிறது. நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,500-இல் இருந்து 1,700 ரிங்கிட் ஆனது. இருவரும் ஒரே கடையில் தோசைக்கு ஒரே விலைதான் கொடுக்கிறார்கள். ஒருவருக்கு அது மலிவு, மற்றவருக்கு அது யோசித்துச் செய்யும் செலவு.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். நடை, காத்திருப்பு, ரயில் எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று வைப்போம். மாதம் 22 வேலை நாளுக்கு 55 மணி நேரம். 2023-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 45 மணி நேரம். அதாவது, சம்பளம் இல்லாத ஒரு வாரத்துக்கும் மேலாக ரயிலில் போகிறது. மாதம் 50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் மை50 அட்டை ரேபிட் கேஎல் சேவைகளுக்கானது. கம்யூட்டரை நடத்துவதோ கேடிஎம். ஷா ஆலாம் எல்.ஆர்.டி. தடமும் கிள்ளான் வழியாக ஜொஹான் செத்தியாவுக்குப் போகிறதே தவிர, போர்ட் கிள்ளானைத் தொடவில்லை.

சரி, அறை எடுத்துத் தங்கினால்? 2,000 ரிங்கிட் சம்பளத்தில் ஊழியர் பங்காக 11 விழுக்காடு இபிஎஃப் கழிந்தால் கையில் 1,780. அறைக்கும் சாப்பாட்டுக்கும் 900 என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலே பாதி போய்விடும். வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்?

இப்படிப் பார்த்தால் வீட்டில் இருந்தே வேலை செய்வதுதான் லாபம் போலத் தெரியும். ஆனால் முதலாளி ஏற்றுவந்த செலவு அங்கே நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மின்கட்டணம், இணையக் கட்டணம், மேசை, நாற்காலி எல்லாம் அப்பா அம்மா தலையில். தோட்டத்தை விட்டு வந்து மலிவு விலை அடுக்குமாடியில் குடியேறிய குடும்பங்களில் ஐந்தாறு பேர் இருக்கும் வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைப்பதே கஷ்டம். பெண்பிள்ளை என்றால் இன்னும் சிரமம். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று சமையலும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் அவள் மேல் விழும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. வீட்டில் இருந்து செய்யும் வேலைகளில் பல "ஃப்ரீலான்ஸ்" என்ற பெயரில் வருகின்றன. அப்படி எடுத்தால் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பாதுகாக்காது. முதலாளியின் இபிஎஃப், சொக்சோ பங்கும் இல்லை. 2,000 ரிங்கிட் சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் 13 விழுக்காடு. மாதம் 260, ஆண்டுக்கு 3,120 ரிங்கிட். சுயதொழில் செய்வோர் ஐ-சாரான் திட்டத்தில் தாமாகவே சேமித்தால் அரசு 20 விழுக்காடு ஊக்கத்தொகை தருகிறது. நல்ல திட்டம்தான், அவசியம் சேரலாம். ஆனால் அதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 500 ரிங்கிட். 3,120-க்கு அது ஈடாகாது. இருபத்து மூன்று வயதில் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது, ஐம்பத்தைந்தில் தெரியும்.

அப்படியென்றால் வீட்டில் இருந்து வேலை வேண்டாமா? வேண்டும், ஆனால் ஊழியராகவே இருந்து செய்ய வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தருமாறு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி முதல் இது நடப்பில் உள்ளது. ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்து வேலை கிடைத்தாலே, மேலே பார்த்த 55 மணி நேரம் 33 ஆகக் குறையும். ஊழியர் என்ற தகுதியும் இபிஎஃப் பணமும் அப்படியே இருக்கும்.

உள்ளூரையும் மறக்க வேண்டாம். துறைமுகத்தைச் சுற்றியுள்ள சரக்கு முகவர் நிறுவனங்களில் சுங்க அறிவிப்பு, கப்பல் ஆவணம் எல்லாம் இப்போது கணினியில்தான் நடக்கின்றன. கோலாலம்பூரில் 200 ரிங்கிட் கூடுதலாகத் தரும் வேலையைவிட, மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் வேலை கையில் அதிகம் மிச்சப்படுத்தலாம்.

வேலைக்கடிதம் வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஊழியரா, ஒப்பந்தக்காரரா? இபிஎஃப், சொக்சோ உண்டா? இணையச் செலவு யாருடையது? வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம்? இந்த நான்கு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து பெற்றோருக்குப் புரியாவிட்டால், பிள்ளைகள் உட்கார்ந்து தமிழில் விளக்கிச் சொல்லட்டும். அந்தக் கணக்கில் அவர்களின் மின்கட்டணமும் இருக்கிறது அல்லவா?