பாட்டு முடிஞ்சிட்டுல்லா, இனியாவது விடுங்க அண்ணாச்சி!

மக்களே, இது மொக்கைப் பதிவு இல்ல, வயித்தெரிச்சல்.

பாளையங்கோட்டையில என் நண்பர் ஒருத்தர், பார்வையற்றவர். என்விடிஏ என்கிற திரைவாசிப்பான் பேசப்பேச, காதாலயே கணினியை ஓட்டுவார். போன வாரம் புதுசா ஒரு பாட்டு மென்பொருள் போட்டார். பாட்டு முடிஞ்சுது. திரைவாசிப்பான் பேசவே இல்ல. "ஏல, திரையில என்னதான் இருக்கு, பாருல"ன்னார். பார்த்தா எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. அந்த மென்பொருள் மட்டும் ஒலிச்சாதனத்தை விடாம பிடிச்சிட்டு உக்காந்திருக்கு!

2007-ல கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா தொட்டே இந்தத் தனிப்பிடி வசதி உண்டு. ஒரு நிரல் அப்படிப் பிடிச்சிட்டா மத்ததுக்கு அந்தச் சாதனத்துல சத்தம் வராது. பாட்டை நிறுத்துறது வேற, சாதனத்தை விடுறது வேற. நிரலாளர்தான் ரெண்டையும் எழுதணும். கேட்டா, "அடுத்த பாட்டு சட்டுன்னு ஆரம்பிக்கணும்லா" என்பாங்க. ஒரு நொடிகூட ஆகாத வேலைக்காக ஒரு மனுசனை இருட்டுல உக்கார வைக்கலாமா?

லினக்ஸ்லயும் பழைய ஓஎஸ்எஸ் காலத்துல பெரும்பாலும் இதே கூத்துதான். அப்புறம் பல்ஸ்ஆடியோ, பைப்வயர்னு பகிர்ந்துக்க வழி பண்ணினாங்க. வழி இல்லாம இல்ல.

தெருக்குழாயில குடம் நிறைஞ்ச பிறகும் நகராம நின்னா நம்மூரு ஆச்சிமார் சும்மா விடுவாங்களா? நிரல் எழுதுற நண்பர்களே, ஒருதடவை திரையை அணைச்சிட்டு உங்க மென்பொருளை ஓட்டிப் பாருங்க.

டிஸ்கி: விண்டோஸ்ல ஒலிச்சாதனப் பண்புகள்ல 'அட்வான்ஸ்டு' பக்கத்துல தனிப்பிடி அனுமதியை எடுத்துவிடலாம். நண்பருக்கு அதைத்தான் செஞ்சு கொடுத்தேன்.