நானூறு பேருக்கு ஒரு பாதை

பிரான்சு நாட்டின் தென்கரையில் மார்சேய் என்னும் பழந்துறைமுக நகரம் அமைந்துள்ளது. எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழும் அந்நகரின் தென்புறத்தில், வீடுகள் முடியும் இடத்திலேயே வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் மலை தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து கிழக்கே கசீஸ் என்னும் சிற்றூர் வரையிலும் குன்றுகள் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகின்றன. இடையில் வயலும் இல்லை, சமவெளியும் இல்லை. குறிஞ்சி நேரே நெய்தலில் கால்வைக்கும் நிலம் அது. பண்டைய ஆறுகள் அரித்த பள்ளத்தாக்குகளில், கடல்மட்டம் உயர்ந்தபோது நீர் புகுந்து நின்றது. இவ்வாறு உருவான குறுகிய கடற்கால்களை அந்நாட்டார் ‘கலாங்க்’ என்பர். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் மையப்பகுதி நிலத்தில் ஏறத்தாழ 8,500 எக்டேரும் கடலில் ஏறத்தாழ 43,500 எக்டேரும் பரந்துள்ளது.

இம்மலையை நடந்துதான் அறிய வேண்டும். மார்சேயிலிருந்து கசீசுக்குச் செல்லும் நெடும்பாதையில், பாறைகளின்மேல் தீட்டப்பட்ட சிவப்பு, வெள்ளைக் கோடுகளே வழிகாட்டிகள். மலைமுகட்டில் வெயிலுக்கு ஒதுங்க நிழலைக் காண்பது அரிது. தாகம் தீர்க்கச் சுனையும் இல்லை. நடப்போர் தமக்கு வேண்டிய நீரைத் தாமே சுமந்து செல்ல வேண்டும். வடக்கிலிருந்து மிஸ்திரால் என்னும் வறண்ட காற்று வீசும் நாள்களில் நிமிர்ந்து நிற்பதே கடினம். நெடுங்காலமாகக் காலடிகள் பட்டுப்பட்டுச் சில பாறைகள் கண்ணாடிபோல் வழுக்குகின்றன. ஆல்ப்ஸ் மலைகளில் புகழ்பெற்ற மலையேறுநர் காஸ்தோன் ரெபுஃபா பாறையேறக் கற்றது இக்குன்றுகளில்தான்.

இவ்வளவு கடுமையான நிலத்திற்குக் காவல் தேவையில்லை என்று தோன்றலாம். கல்லை மனிதன் கால் என்ன செய்துவிடும்? சுஜித்தோன் என்னும் கடற்காலில் நிகழ்ந்ததே இவ்வினாவிற்கு விடை.

மற்றக் கடற்கால்கள் பலவற்றை அடைய நெடுந்தொலைவு நடக்க வேண்டும். சுஜித்தோனுக்கோ நகரப் பேருந்திலேயே பல்கலைக்கழக வளாகம் வரை வந்து, அங்கிருந்து ஒரு மணிநேரம் நடந்தால் போதும். எனவே கோடையில் கூட்டம் அங்கே குவிந்தது. இரண்டு சிறு கரைகளே உள்ள அவ்விடத்திற்கு நெரிசல் மிகுந்த நாள்களில் 2,500 பேர் வரை வந்தனர். உட்கார இடமின்றி மக்கள் பாறைச்சரிவில் ஏறினர். பாதை நெருக்கடியாக இருந்ததால் குறுக்கு வழிகளில் இறங்கினர்.

அங்கே கல் கெடவில்லை. கல்லின்மேல் இருந்த மெல்லிய மண்தான் கெட்டது. காலடிகள் மண்ணை இறுக்குகின்றன. இறுகிய மண்ணில் விதை முளைப்பதில்லை. மழைநீரும் உள்ளே இறங்குவதில்லை. இறங்காத நீர் சரிவில் ஓடி, இலையுதிர்காலப் பெருமழையில் மண்ணையும் வாரிக்கொண்டு கடலில் சேர்க்கிறது. சுஜித்தோனில் அலெப்போ பைன் மரங்களின் வேர்கள் வெறுமையாய் வெளியே கிடந்தன. மேலிருந்து பார்த்தவர்களுக்கு மரங்கள் பசுமையாகவே தெரிந்தன. ஆனால், அவற்றின் அடியில் ஓர் இளங்கன்றுகூட இல்லை. நிற்கும் மரங்கள் முதிர்ந்து விழுந்துவிட்டால் அவற்றின் இடத்தை நிரப்ப வேறு மரம் இராது. சிலர் ஒரு கோடைக்கால மகிழ்ச்சிக்காக நடந்த நடை, காட்டின் அடுத்த தலைமுறையையே மிதித்துக்கொண்டிருந்தது.

பூங்கா நிர்வாகம் முதலில் கையாண்ட வழி சற்றே வேடிக்கையானது. 2021ஆம் ஆண்டில் அது தன் ஊரைத் தானே குறைத்துப் பேசியது. கூட்டம் பிதுங்கும் கரையின் படங்களை வெளியிட்டது. வழி செங்குத்தானது, திரும்பி ஏறுவது கடினம் என்று எச்சரித்தது. சுற்றுலாவிற்காக உலகமே தன்னை அழகுபடுத்திக் காட்டும் காலத்தில், ‘இங்கே வராதீர்கள்’ என்று விளம்பரம் செய்த இடம் அது. எனினும் அது மட்டும் போதவில்லை. 2022ஆம் ஆண்டுக் கோடையில், சுஜித்தோனுக்கு ஒரு நாளில் 400 பேருக்கு மட்டுமே அனுமதி என்ற விதி நடைமுறைக்கு வந்தது. வர விரும்புவோர் முன்னரே பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவிற்குக் கட்டணம் இல்லை.

இவ்விதியை எதிர்ப்போர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. இம்மலை தேசியப் பூங்காவாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அதைக் காத்தவர்கள் நடைபயணிகள்தாம். 1897இல் மார்சேயில் நடைபயணச் சங்கம் ஒன்று தோன்றியது. போர்-மியூ என்னும் கடற்கால் கல்லுடைப்பால் சிதைந்தபோது, 1910இல் அங்கே திரண்டு எதிர்ப்புக் குரல் எழுப்பியோர் இத்தகைய நடைபயணிகளே. தம் காலால் அளந்த நிலத்தைத் தமதென்று கருதியதால் அதற்காக அவர்கள் நின்றனர். மலையை மக்களிடமிருந்து பிரித்துவிட்டால், நாளை அதற்கு ஒரு கேடு வரும்போது யார் வந்து நிற்பார்?

மற்றொரு குறை இன்னும் கூர்மையானது. கார்தான் நகரின் அலுமினா ஆலை 1967 முதல் தன் செந்நிறக் கழிவுச்சேற்றைக் குழாய் வழியே இக்கடலின் ஆழ்பள்ளத்தாக்கில் கொட்டிவந்தது. பூங்கா அறிவிக்கப்பட்ட பின்னரும் அது நிற்கவில்லை. 2015ஆம் ஆண்டின் இறுதியில்தான் சேறு கொட்டுவது நின்றது. ஆலைக்கு அத்தனை ஆண்டுகள் பொறுமை காட்டிய அரசு, கையில் துண்டோடு குளிக்க வரும் ஏழைச் சிறுவனை மட்டும் எண்ணி நிறுத்துவது முறையா? இக்கேள்வி நியாயமானது. ஆனால், ஆலை செய்த தீங்கு காலடிகள் செய்யும் தீங்கை இல்லாமலாக்கிவிடாது. பெரிய குற்றம் தாமதமாகத் தடுக்கப்பட்டது என்பது, சிறிய சிதைவைத் தடுக்காமல் விடுவதற்குக் காரணமாகாது.

இங்கே மற்றோர் இடத்தையும் நோக்க வேண்டும். இதே கடற்கரையில், நீர்மட்டத்திற்குக் கீழே 37 மீட்டர் ஆழத்தில் வாயில் கொண்ட ஒரு குகை உள்ளது. ஆன்றி கோஸ்கேர் என்னும் மூழ்குநர் 1985இல் அதனைக் கண்டறிந்தார். பனியூழியில் கடல் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்த காலத்தில், மனிதர்கள் நடந்தே சென்று அக்குகைச் சுவரில் குதிரைகளையும் கடற்பறவைகளையும் வரைந்தனர். தம் கைத்தடங்களையும் பதித்தனர். அவற்றுள் பழையவை 27,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அக்குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டுள்ளது. மாற்றாக, அதன் முழுவடிவப் படி ஒன்று மார்சேயில் 2022இல் திறக்கப்பட்டது. சுஜித்தோனில் வரம்பு விதிக்கப்பட்டதும் அதே ஆண்டுக் கோடையில்தான். ஓவியத்திற்குப் படி எடுக்கலாம். பைன் மரத்தின் மணமும், வியர்த்து இறங்கியபின் உடலில் படும் கடல்நீரின் குளிர்ச்சியும் படியெடுக்க இயலாதவை. ஆகவே பாதையை மூடுவது தீர்வன்று. திறந்து வைக்க வேண்டும். ஆனால், மண் தாங்கும் அளவுக்கே திறந்து வைக்க வேண்டும்.

அவ்வளவை எவ்வாறு பங்கிடுவது என்பதில்தான் சுஜித்தோனின் முடிவு பாராட்டத்தக்கதாகிறது. கூட்டத்தைக் குறைக்க மிக எளிய வழி நுழைவுக்கட்டணம். கட்டணத்தை உயர்த்த உயர்த்த வருவோர் குறைவர், வருவாயும் பெருகும். ஆனால், அவ்வழியில் முதலில் விலகி நிற்போர் யாவர்? மார்சேயின் வறிய குடியிருப்புகளில் வாழ்வோர். தொலைவூருக்குக் கோடைப்பயணம் செல்ல வசதியற்ற அவர்களுக்குப் பேருந்துச் சீட்டின் விலையில் கிடைக்கும் கடற்கரை இது. விலை வைக்காமல் வரிசை வைத்ததால், செல்வரும் வறியரும் அதே நானூற்றுவருக்குள் இடம் தேட வேண்டியதாயிற்று.

ஆயினும் வரிசைக்கும் ஒரு சாய்வு உண்டு. பதிவு இணையவழியில் நடைபெறுகிறது. விடுமுறையை முன்கூட்டியே திட்டமிடுவோருக்கும், கைப்பேசியைத் திறம்படக் கையாள்வோருக்கும் அது எளிது. காலையில் வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்று அறியாத கூலியாள் மூன்று நாள் முன்னதாகத் தன் ஓய்வை எவ்வாறு பதிவது? ஒவ்வொரு நாளும் நானூறில் ஒரு பகுதியை, அன்று காலையில் பேருந்தில் வந்து இறங்குவோருக்கென ஒதுக்கி வைப்பது விதியைக் குலைக்காது. மண்ணுக்கும் கூடுதல் சுமையாகாது.

கோடைக்குரிய இன்னொரு தடை பற்றி யாரும் அவ்வளவாக வாதிடுவதில்லை. சூன் தொடக்கம் முதல் செப்டம்பர் இறுதி வரை, தீ பரவும் வாய்ப்பைக் கணக்கிட்டு மலைப்பகுதிகளின் நிலையை அரசு நாள்தோறும் அறிவிக்கிறது. வறண்ட காற்று வலுத்த நாளில் மலை முழுவதுமே மூடப்படும். கரும்புகை எழுவதைக் கண்ணால் கண்ட ஊர் ஆதலால் மக்கள் அதனை ஏற்றுக்கொள்கின்றனர். மண் அரிப்பிலோ புகை எழுவதில்லை. ஒரு மழைக்கு ஒரு விரற்கடை என்று ஓசையின்றிப் போகிறது. இப்போது சுஜித்தோனில் மிதிபட்ட சரிவுகள் சிலவற்றைத் தடுப்பிட்டு, வேர்களின்மேல் மண் தங்கும்படி விட்டுவைத்துள்ளனர். கோடை கழிந்ததும் பதிவு தேவையில்லை. நீரும் உறுதியான காலணியும் கொண்டு எவரும் அப்பாதையில் இறங்கலாம்.